ரிம்முக்கும் பிரேமுக்கும் ஒரே ரோல் டேப்: ஒரு சைக்கிளின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்தச் சைக்கிளின் சொந்தக்காரர் தினமும் அதிலேயே வேலைக்குப் போய் வருபவர். விடுமுறை நாட்களில் மண் பாதையிலும் ஓட்டுவார். அலுமினியப் பிரேம், டிஸ்க் பிரேக், 700 அளவுச் சக்கரம், 40 மி.மீ. அகல டயர். ரிம்மின் உள் அகலம் 21 மி.மீ. ரிம்மும் டயரும் டியூப்லெஸ்ஸுக்கு (டியூப் இல்லாமல் டயரும் ரிம்முமே காற்றைப் பிடிக்கும் முறைக்கு) ஏற்றவைதான், ஆனால் வாங்கும்போது டியூப் போட்டே வந்திருந்தது. அடிக்கடி பஞ்சராகி அலுத்துப்போனதால், டியூபை எடுத்துவிட்டு வீட்டிலேயே டியூப்லெஸ்ஸாக மாற்றிக்கொண்டார்.

டியூப் இல்லாதபோது ரிம்மின் ஸ்போக் துளைகளை டேப் ஒட்டி மூட வேண்டும். அதற்கென்று விற்கும் டேப்பை அவர் வாங்கவில்லை. கையில் ஒரு ரோல் டக்ட் டேப் இருந்தது. மேலே பிளாஸ்டிக் பூச்சு, நடுவே துணி வலை, அடியில் தடித்த பசை, 48 மி.மீ. அகலம். அதை நீளவாக்கில் பாதியாகக் கத்தரித்துப் பின்சக்கரத்தில் இரண்டு சுற்று ஒட்டினார். மிச்சமிருந்ததைப் பிரேமில் ஒட்டினார். செயின் ஓடும் பக்கத்துப் பின்குழாயில் செயின் அடிக்காமல் இருக்க ஒரு துண்டு, முன்சக்கரம் கல்லை வாரியடிக்கும் கீழ்க்குழாயின் அடியில் ஒரு நீளத் துண்டு. ரோல் அத்தோடு தீர்ந்தது. முன்சக்கரத்துக்குப் பழுப்பு நிறப் பேக்கிங் டேப்பையும், ஹேண்டில்பாருக்குக் கீழே கேபிள் உரசும் இடத்துக்கு நிறமில்லாத பேக்கிங் டேப்பையும் பயன்படுத்தினார்.

இதை அசட்டு யோசனை என்று தள்ளிவிட முடியாது. மலைப் பாதையில் அகல டயர் ஓட்டுபவர்கள் பலர், குறைந்த காற்றழுத்தத்தில் துணி டேப்பை ரிம்மில் ஒட்டிப் பல காலம் ஓட்டியிருக்கிறார்கள். இவருக்கும் முதல் சில மாதங்கள் ஒரு குறையும் இல்லை. நாங்கள் சிலர் சேர்ந்து நண்பர்களின் சைக்கிள்களைப் பழுதுபார்த்துத் தருவதுண்டு. அப்படித்தான் இது எங்களிடம் வந்தது.

அவர் சொன்ன குறை

பின்சக்கரம் இரவோடிரவாக இறங்கிவிடுகிறது. முதலில் நாலைந்து நாளைக்கு ஒருமுறை காற்றடித்தால் போதுமாக இருந்தது, அப்புறம் இரண்டு நாள், இப்போது காலையில் அடித்தால் மாலையில் டயர் தளர்ந்து கிடக்கிறது. இடையில் இரண்டு முறை, டயருக்குள் ஓட்டையை அடைக்கும் திரவமான சீலன்ட் ஊற்றிப் பார்த்திருக்கிறார். ஊற்றியதும் ஓரிரு நாள் நிற்கும், பிறகு பழைய கதைதான்.

“இன்னும் கொஞ்சம் ஊத்துனா நின்னுடும்ல அண்ணா?” என்று எங்களில் மூத்தவரிடம் கேட்டார். முன்சக்கரத்தில் எந்தத் தொல்லையும் இல்லை என்பதால் டேப் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. டயரில்தான் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கிறது என்று நம்பியிருந்தார்.

வெளியிலிருந்து பார்த்தது

டயரின் வெளிப்பரப்பில் முள்ளோ வெட்டோ இல்லை. சக்கரத்தில் காற்று நிரப்பிச் சோப்புத் தண்ணீர் தடவினோம். ஓரத்தில், டயரும் ரிம்மும் சேரும் கோட்டில் குமிழ் எழவில்லை. வால்வின் அடியிலும் மூன்று ஸ்போக் நிப்பிள்களை (ஸ்போக்கை ரிம்மில் பிடித்துவைக்கும் சிறு நட்டுகளை) சுற்றியும் எழுந்தது. அந்த நிப்பிள்களைச் சுற்றி ஏற்கெனவே வெளிறிய ரப்பர் வளையம்போலச் சீலன்ட் காய்ந்திருந்தது.

இந்த இடத்தில் ஒரு தவறான முடிவுக்கு வருவது மிகச் சுலபம். குமிழ் வந்த நிப்பிளுக்கு நேர் மேலேதான் டேப் கிழிந்திருக்கும் என்று நினைத்துவிடுவோம். இரட்டைச் சுவர் ரிம்மில் அப்படிச் சொல்ல முடியாது. டேப் ஒட்டும் மேல்சுவருக்கும் நிப்பிள் உட்கார்ந்திருக்கும் கீழ்ச்சுவருக்கும் நடுவே சுற்றிலும் ஒரே வெற்றிடம் ஓடுகிறது. டேப்பில் எங்காவது ஓரிடத்தில் காற்று நுழைந்தால் போதும், அந்த வெற்றிடம் முழுவதும் பரவி, எந்த நிப்பிள் வழியாக எளிதாக வெளியேற முடியுமோ அதன் வழியே வரும். நிப்பிளில் குமிழ் வருவதால் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: டேப்பையோ வால்வின் அடியையோ தாண்டிக் காற்று ரிம்முக்குள் போகிறது. எங்கே விட்டது என்பதை டயரைக் கழற்றினால்தான் பார்க்க முடியும்.

முதல் முடிவு: சீலன்ட் ஊற்றாமல் கழற்றிப் பார்ப்பது

சீலன்ட் என்பது பெரும்பாலும் தண்ணீரில் கலந்த ரப்பர் பாலும் நுண்ணிய துகள்களும். சிறு துளை வழியே காற்று வேகமாக வெளியேறும்போது, கூடவே போய் அங்கே உறைந்து அடைப்பதுதான் அதன் வேலை. டேப்புக்கும் ரிம்முக்கும் நடுவே மெல்லக் கசியும்போது அப்படி அடைக்க அதற்கு ஒரு துளையே கிடைப்பதில்லை. ஈரம் பசைக்குள் ஊறுகிறது, பசை இளகுகிறது, கசிவுப் பாதை அகலமாகிறது. ஒவ்வொரு முறை ஊற்றியபோதும் இரண்டு நாள் நின்று பிறகு முன்பைவிட மோசமானதற்கு இதுவே காரணம் என்று கருதினோம். எனவே இனி ஒரு சொட்டும் ஊற்றுவதில்லை என்று முடிவு செய்தோம்.

முன்சக்கரத்தையும் கழற்றலாமா என்று பேச்சு வந்தது. அது காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தது. சொந்தக்காரர் அதைத் தொட வேண்டாம் என்றார், நாங்களும் ஒத்துக்கொண்டோம். எந்த டேப் எவ்வளவு நாள் தாங்குகிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் அது உதவும் என்று தோன்றியது.

டயருக்குள்ளே

டயரைக் கழற்றுவதே பெரும்பாடாகிவிட்டது. ரிம்மின் விளிம்புக்குள் டயர் அத்தனை இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. காரணம் அளந்தபோது புரிந்தது. இரண்டு சுற்று டக்ட் டேப்பும் சேர்ந்து 0.6 மி.மீ. தடிமன். டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 622 மி.மீ., அதில் இருபக்கமும் சேர்த்து 1.2 மி.மீ. கூடியிருந்தது. டியூப்லெஸ்ஸுக்கென்று வரும் டேப் ஒரு சுற்றுக்குப் பெரும்பாலும் இதில் கால் பங்குகூட இராது. டயர் விளிம்பில் உள்ள கம்பியோ நாரோ நீளாது என்பதை நினைத்தால், இந்தக் கூடுதல் தடிமனை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். உட்கார மறுக்கும் டயரை உட்காரவைக்க மேலும் மேலும் காற்றடிப்பார்கள். டயரிலும் ரிம்மிலும் எழுதியிருக்கும் உச்ச அழுத்தங்களில் எது குறைவோ அதைத் தாண்டவே கூடாது.

கழற்றிய பிறகு தெரிந்தது:

ஸ்போக் துளை ஒவ்வொன்றின் மேலும் டேப் குழிந்திருந்தது. விரல் நுனியை வைத்தால் உள்ளே இறங்கியது. இந்த ரிம்மில் அந்தத் துளைகளின் விட்டம் 9 மி.மீ. அவர் வைத்திருந்த 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், ஒவ்வொரு துளையின் மேலும் டேப் தாங்கும் சுமை ஏறக்குறைய 1.8 கிலோ. இரவும் பகலும் இறங்காத சுமை அது. ஒல்லி டயரில் 90 பி.எஸ்.ஐ. வைத்தால் அதே துளைக்கு 4 கிலோ ஆகும். டக்ட் டேப்பின் மேல்பூச்சு பாலிஎதிலீன். இழுத்தால் நீளும், நீண்டது திரும்பாது. பசையும் தடிமனாக இருப்பதால் டேப் முழுதுமே அழுத்தத்தில் மெல்ல வழுக்கிப் பள்ளத்துக்குள் இறங்கும்.

ஆனால் காற்று வெளியேறியது அந்தக் குழிகள் வழியே அல்ல. கத்தரித்த ஓரத்தில்தான் விஷயம் இருந்தது. நீளவாக்கில் வெட்டியதால் ஒரு பக்கம் துணி வலையின் நூல் நுனிகள் வரிசையாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. டேப்பை மெல்ல உரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். ஒவ்வொரு குறுக்கு நூலின் வழியாகவும் சீலன்ட் உள்ளே ஏறி, வெள்ளைக் கோடுகளாகக் காய்ந்திருந்தது. விளிம்பிலிருந்து ஸ்போக் துளை வரை கோடு போன இடங்கள் பல. துணி இருக்கும் டேப்பில் வெட்டு வாய் ஈரத்தைக் குடிக்கும். தொழிற்சாலையில் வெட்டிய ஓரத்திலும் இது ஓரளவு நடக்கும், வீட்டுக் கத்தரிக்கோலில் நிச்சயம் நடக்கும்.

ஓரிடத்தில் வெட்டு நேராகப் போகாமல் டேப் குறுகி, ரிம்மின் பக்கச் சுவரைத் தொடாமல் 2 மி.மீ. முன்னமே நின்றிருந்தது. அந்த ஓரத்தை டயர் விளிம்பு சுருட்டி மடித்துவிட்டிருந்தது. பசை பிசுபிசுத்து, தொட்டால் விரலோடு நூல் நூலாக வந்தது.

இரண்டாம் முடிவு: ரிம்மைச் சுத்தம் செய்வதும் டேப் தேர்வும்

ரிம்மில் தங்கிய பசையை எடுப்பதற்குத்தான் அன்றைக்கு அதிக நேரம் போனது. முதலில் பிளாஸ்டிக் சுரண்டியால் மொத்தப் பசையை எடுத்தோம். இரும்புக் கத்தி வேண்டாம் என்று வைத்தோம், ரிம்மில் கீறல் விழுந்தால் அதுவே கசிவுப் பாதையாகும். விடாத பசைக்குச் சமையல் எண்ணெய் தடவி ஊறவைத்துத் துடைத்தோம். எண்ணெயை எடுக்கப் பாத்திரம் கழுவும் சோப்பு, கடைசியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். டிஸ்க்கை முன்பே கழற்றி வைத்துவிட்டோம், அதில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது. வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் நிறமே ஏறாத வரை ஆல்கஹாலை நிறுத்தவில்லை. டேப் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் எண்ணெய்ப் பிசுக்கின் மேல் ஒட்டாது.

“இன்சுலேஷன் டேப் இருக்கே, அது போதாதா?” என்று சொந்தக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான். அது வளைவுக்கு நன்றாக மடங்கும், மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அது மடங்குவதற்குக் காரணமே அது நீளும் பி.வி.சி. என்பதுதான். 9 மி.மீ. துளையின் மேல் அது டக்ட் டேப்பைவிட வேகமாகக் குழியும். பி.வி.சி.யை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் நாளடைவில் பசைக்குள் இறங்கி அதைக் கூழாக்கும். வெயிலில் நிற்கும் சைக்கிளில் இது இன்னும் சீக்கிரம்.

ரிம்முக்கு வேண்டியது நீளாத, மெல்லிய, துணி இல்லாத டேப். டியூப்லெஸ்ஸுக்கென்று வரும் பாலியெஸ்டர் டேப்பையே போட முடிவு செய்தோம். உள் அகலம் 21 என்பதால் 25 மி.மீ. அகலம். டேப் நடுப்பள்ளத்தில் இறங்கி ஏறி, இரு பக்கமும் டயர் உட்காரும் மேட்டை மூட அந்தக் கூடுதல் 4 மி.மீ. தேவைப்படுகிறது.

ஒருவர் சக்கரத்தைப் பிடிக்க, ஒருவர் டேப்பை இழுத்துப் பிடித்து ஒட்டினார். இழுவை தளர்ந்தால் நடுப்பள்ளத்தில் டேப் அந்தரத்தில் நிற்கும், அடியில் காற்று தங்கும். வால்வுத் துளைக்கு ஒரு சாண் முன்னால் ஆரம்பித்து, சுற்றிவந்து ஒரு சாண் தாண்டி முடித்தோம். வால்வு இருக்கும் இடத்தில் இரண்டு அடுக்கு கிடைத்தது. துணி சுற்றிய கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே வந்தோம். பிறகு டயருக்குள் பழைய டியூபைப் போட்டுக் காற்றடித்து ஓர் இரவு விட்டோம். டியூபின் அழுத்தம் டேப்பை எல்லா வளைவிலும் ஒரே சீராக ஒட்டவைக்கும், கையால் அது முடியாது. மறுநாள் டயரின் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி டியூபை எடுத்து, சூடாக்கிய ஊசியால் வால்வுக்குத் துளையிட்டோம். கத்தியால் கீறினால் கீறலின் முனையிலிருந்து டேப் கிழிந்துகொண்டே போகும். சூட்டில் உருகிய துளைக்கு அந்தத் தொல்லை இல்லை. சீலன்ட் 60 மி.லி. ஊற்றினோம்.

முதல் இரவு மறுபடியும் காற்று இறங்கியது. நிப்பிள்களில் குமிழ் இல்லை, வால்வின் அடியில் மட்டும் இருந்தது. வால்வின் ரப்பர் அடிப்பாகம் வட்டமாக இருந்தது. இந்த ரிம்மின் நடுப்பள்ளம் குறுகலானது, அதில் வட்ட ரப்பர் சரியாகப் படியவில்லை. நீளவடிவ அடிப்பாகம் உள்ள வால்வை மாற்றி, நட்டை விரலால் மட்டும் இறுக்கினோம். அதோடு நின்றது.

பிரேமில் நடந்தது

சக்கர வேலை நடக்கும்போதே சொந்தக்காரர் பிரேமில் ஒட்டியிருந்ததை உரிக்க ஆரம்பித்திருந்தார். செயின் பக்கத்துக் குழாயில் இருந்ததை ஒரு முனையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். ஸ்டிக்கரில் இரண்டு எழுத்தும், கட்டைவிரல் நகம் அளவு பெயிண்டும் டேப்போடு வந்துவிட்டன. அந்த இடத்திலேயே நிறுத்தச் சொன்னோம்.

மீதியை ஹேர் டிரையரால் கை தாங்கும் அளவுக்குச் சூடாக்கி, டேப்பைத் தன்மேலேயே மடித்தபடி பிரேமை ஒட்டிப் படுக்கவைத்து மெதுவாக உரித்தோம். செங்குத்தாக இழுத்தால் முழு விசையும் பெயிண்டின் மேல் விழும். பெயிண்ட் ஏதும் வரவில்லை, பசை தங்கியது. அதை எண்ணெயும் ஆல்கஹாலும் கொண்டு எடுத்தோம். அசிட்டோன் பெயிண்டையே கரைக்கும் என்பதால் தொடவில்லை.

கீழ்க்குழாயின் அடியில் டேப்பின் ஓரம் நெடுகக் கறுத்த அழுக்குக் கோடு. உரித்ததும் உள்ளே ஈரம் தெரிந்தது. துணி வலை அங்கேயும் தண்ணீரைக் குடித்து வைத்திருந்தது. முன்பே இருந்த ஒரு பழைய கீறலைச் சுற்றிப் பெயிண்ட் கொப்பளித்து, குத்திப் பார்த்தால் வெள்ளைப் பொடி உதிர்ந்தது. அலுமினியம் அரித்ததன் அடையாளம். கீறல் திறந்தே இருந்திருந்தால் காய்ந்திருக்கும், யார் கண்ணிலாவது பட்டிருக்கும். பாதுகாப்புக்கு ஒட்டியது, கேட்டை மறைத்தும் வளர்த்தும் விட்டது. கார்பன் பிரேமாக இருந்து அங்கே விரிசல் விழுந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

ஹேண்டில்பாருக்குக் கீழே ஒட்டிய நிறமில்லாத பேக்கிங் டேப் மஞ்சளித்து, தொட்டால் நொறுங்கியது. கேபிள் உரசிய இடத்தில் அது தேய்ந்து ஓட்டையாகி, ஓட்டையின் பசை ஓரத்தில் மணல் படிந்திருந்தது. ஒவ்வொரு முறை ஹேண்டிலைத் திருப்பும்போதும் அந்த மணல் உப்புத்தாள்போல வேலை செய்து, பெயிண்டின் பளபளப்பைத் தேய்த்து மங்கலாக்கியிருந்தது.

பிரேமுக்கு வேண்டியது ரிம்முக்கு நேர் எதிரானது என்பதை இங்கே அவருக்குக் காட்ட முடிந்தது. வளைந்த குழாயில் சுருக்கம் விழாமல் நீள வேண்டும், அடியைத் தாங்கிக் கொடுக்க வேண்டும், பிறகு ஒரு நாள் பெயிண்டை விட்டுவிட்டுத் தனியாக வர வேண்டும். ஹெலிகாப்டர் விசிறியின் முன்விளிம்பை மணல் அரிக்காமல் காக்கப் பயன்பட்ட பாலியூரித்தேன் படலம்தான் சைக்கிளுக்கும் வந்தது. அது நீளும், கல்லடியை உள்வாங்கும். அதே குணத்தால் ரிம்மில் அது உதவாது.

கீழ்க்குழாயில் கொப்பளித்த பெயிண்டைத் தேய்த்து எடுத்து, பொடியைச் சுத்தம் செய்து, டச்சப் பெயிண்ட் தடவி முழுதும் காயவிட்டு, அதன் பிறகே படலம் ஒட்டினோம். சோப்புத் தண்ணீர் தெளித்து நகர்த்திச் சரிசெய்து, நடுவிலிருந்து தண்ணீரை வழித்தோம். மூலைகளை வட்டமாக வெட்டினோம், கூர்மூலைதான் முதலில் தூக்கும். கேபிள் இடத்தில் டேப்பை விட முக்கியமானது கேபிளின் போக்கு. ஹேண்டிலை முழுக்கத் திருப்பினாலும் குழாயை அழுத்தாதபடி கேபிளை மாற்றி ஓடவிட்ட பிறகு, சிறு துண்டுப் படலமே போதுமானதாக இருந்தது.

செயின் பக்கத்துக் குழாய்க்கு எதுவும் வாங்கவில்லை. முதலில் செயின் ஏன் அடிக்கிறது என்று பார்த்தோம். செயின் இரண்டு கண்ணி நீளம் கூடுதலாக இருந்தது, அதைக் குறைத்தோம். அப்புறம் பழைய டியூபை நாடாவாக வெட்டிக் குழாயில் இறுகச் சுற்றி, முனைகளை இன்சுலேஷன் டேப்பால் கட்டினோம். டேப் ரப்பரின் மேல் மட்டும் ஒட்டியது, பெயிண்டில் எங்கும் படவில்லை.

பிறகு நடந்தது

பின்சக்கரம் அதன் பிறகு வாரத்துக்கு ஒருமுறை பம்பு காட்டினால் போதும் என்ற நிலைக்கு வந்தது. டியூப்லெஸ் டயரில் அந்த அளவு இறங்குவது இயல்பு.

முன்சக்கரத்தின் பேக்கிங் டேப் தொடர்ந்து காற்றுப் பிடித்தது. அது பாலிபுரொப்பிலீன் படலம். மெல்லியது, துணி இல்லை, நீளவாக்கில் நீள்வதும் மிகக் குறைவு. டக்ட் டேப்பைவிட அது ரிம்மில் நன்றாகத் தாங்கியது அதனால்தான். டயரை மாற்றவேண்டி வந்தபோது அதன் மறுபக்கம் தெரிந்தது. டயர் லீவரின் முனை பட்ட இடத்தில் ஒரு சிறு வெட்டு, அவ்வளவுதான், டேப் குறுக்காக ஓரம் வரை பிளந்துவிட்டது. பசையும் வெயிலில் இளகி இடம் நகர்ந்திருந்தது. டயரைத் தொடாதவரை தாங்கும் டேப் அது. வழியில் டயரைக் கழற்றி மாட்ட நேர்ந்தால் மறுபடி காற்று நிற்காது. முன்சக்கரத்துக்கும் பாலியெஸ்டர் டேப் போட்டாயிற்று.

கீழ்க்குழாயில் தொட்டுப் பூசிய இடம் பரவவில்லை. போன ஸ்டிக்கர் எழுத்து போனதுதான்.

இனி மாறுவது

காற்று இறங்குகிறது என்று வரும் டியூப்லெஸ் சக்கரத்தில், சோப்புத் தண்ணீரில் நிப்பிளில் குமிழ் தெரிந்தால் சீலன்ட் பேச்சுக்கே இடமில்லை, டயரைக் கழற்றுவதுதான். என்ன டேப், எந்த மாதம் ஒட்டியது என்பதை டேப்பின் மேலேயே மார்க்கரால் எழுதி வைக்கிறோம். வால்வின் அடிப்பாகத்தை ரிம்மில் வைத்துப் பார்ப்பது டேப் ஒட்டுவதற்கு முன்பே நடக்கிறது.

முன்சக்கரத்தைத் தொடாமல் விட்டதை மட்டும் அடுத்த முறை அப்படியே செய்யக் கூடாது என்று நினைக்கிறேன். காற்றுப் பிடித்தது உண்மைதான். ஆனால் அது வழியில் கழற்றத் தாங்காது என்பதைச் சொந்தக்காரருக்கு அன்றே சொல்லி, கூடவே ஒரு டியூப் எடுத்துப்போகச் சொல்லியிருந்தால் முடிவை அவர் தெரிந்து எடுத்திருப்பார். இப்போது அவர் சைக்கிளின் பையில் ஒரு டியூப் இருக்கிறது.

பிரேமில் ஏதாவது ஒட்டுவதாக இருந்தால், பெடல் அச்சு இருக்கும் கூட்டின் அடிப்பக்கம் போலக் கண்ணில் படாத இடத்தில் சிறு துண்டு ஒட்டிச் சில நாள் கழித்து உரித்துப் பார்க்கிறோம். ஒட்டியதை ஆண்டுக்கு ஒருமுறையாவது தூக்கி அடியைப் பார்க்கிறோம். வீட்டு டேப்பை ஒரேயடியாக ஒதுக்கவும் இல்லை. டியூப் போட்டு, குறைந்த அழுத்தத்தில் ஓடும் பழைய சக்கரத்தில் ரிம் பட்டை போய்விட்டால் பருத்தித் துணி டேப் இரண்டு சுற்று நன்றாகவே உழைக்கிறது. வழியில் டயர் கிழிந்தால் உள்ளே நாலாக மடித்த டக்ட் டேப்பை வைத்து டியூபைப் போட்டு வீடு வந்து சேரலாம். ஹேண்டில்பாரில் சுற்றிய பட்டையின் முனையைக் கட்ட இன்சுலேஷன் டேப்பைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை.